கீகேப்: தொப்பியல்ல, மூடி

கீகேப், பெயர்ச்சொல். கணினி விசைப்பலகையில் விரல் படுகிற பிளாஸ்டிக் துண்டு. எழுத்து இதன் முகத்தில்தான் இருக்கும். கழற்றலாம், மாட்டலாம். தமிழில் விசைமூடி.

ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை என எந்த ஊர்க் கம்ப்யூட்டர் கடையிலும் இதற்குப் புழங்கும் பெயர் ‘கீ’ அல்லது ‘பட்டன்’. “அண்ணே, ஸ்பேஸ் பட்டன் உடைஞ்சுபோச்சு” என்றால் கடைக்காரருக்குப் புரிந்துவிடும். ஆனால் உடைந்தது எது? மேலே இருக்கும் மூடியா, அதைத் தாங்கும் ஸ்விட்ச்சா? சாதாரண ரப்பர் தகட்டுக் கீபோர்டில் இந்தக் கேள்விக்கு வேலையில்லை. ஒன்று போனால் முழுதையும் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குகிறோம். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ஸ்பிரிங் ஸ்விட்ச் வைத்த மெக்கானிக்கல் கீபோர்டில் மூடி வேறு, ஸ்விட்ச் வேறு. தனித்தனியாகவே விலைக்கும் வருகின்றன. “பட்டன் கல்லு மாதிரி இருக்கு” என்று மூடி செட் வாங்கியவர் காசை விட்டதுதான் மிச்சம். அழுத்தம் ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் வேலை. செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வகை ஸ்விட்ச்சுகளில் சிவப்புக்கு ஏறக்குறைய 45 கிராம், கறுப்புக்கு 60 கிராம். மூடியை மாற்றினால் ஓசை மாறும், உயரமும் சாய்வும் மாறும், விரலுக்குப் படும் சொரசொரப்பு மாறும். அழுத்தம் மாறாது.

ஆங்கிலச் சொல்லில் இரண்டு துண்டு. ‘கேப்’ லத்தீன் ‘கப்பா’வின் வழிவந்தது, தலையை மூடும் முக்காட்டு அங்கி அதன் பழைய பொருள். ‘கீ’ முதலில் பூட்டைத் திறப்பது. பிறகு ஆர்கன், பியானோ போன்ற கருவிகளில் விரலால் அழுத்தும் கட்டைக்கு அந்தப் பெயர் போனது. அங்கிருந்து தட்டச்சுப் பொறிக்கு, அப்புறம் கணினிக்கு. நம் ஊரில் ஆர்மோனியத்தில் அழுத்துவதைக் ‘கட்டை’ என்றுதான் சொல்கிறோம். பாடகர் “அஞ்சு கட்டை” என்று சுருதி கேட்பது அந்தக் கட்டையைத்தான். கணினிக்கும் கட்டை என்றே வைத்திருக்கலாம், அழகான சொல். ஆனால் கட்டை என்றால் ஒரே துண்டு. அதற்கு மேலே கழலும் மூடி ஒன்று இருப்பதை அது காட்டாது.

‘சாவி’யும் ‘பொத்தா’னும் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை, அங்கே ‘சாவெ’, ‘போத்தாவ்’. மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளைக் கரையில் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலூன்றியிருந்தார்கள் என்பதை நினைத்தால், இந்தக் கரைக்கு அவை ஒன்றும் புதுச்சொற்கள் அல்ல. இருந்தாலும் பூட்டுச் சாவியைக் கீபோர்டில் கொண்டுவந்து வைத்தால் பொருள் கெடுகிறது. ‘சாவித்தொப்பி’, ‘முக்கியத் தொப்பி’ எல்லாம் அப்படிச் சொல்லுக்குச் சொல் போட்டதில் பிறந்த விபத்துகள்.

கணினித் தமிழில் நிலைத்தது ‘விசை’. வேகம், உந்தும் வலிமை, அழுத்தினால் இயங்கும் பொறி, மூன்றும் அதன் பொருள். துப்பாக்கியில் விரல் இழுப்பது விசை. நெசவில் விசைத்தறி. ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாட்டுப்படகு ஒருபக்கம், விசைப்படகு ஒருபக்கம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் கரையில் கட்டிக்கிடப்பது எது என்று கேட்டால் குழந்தையும் சொல்லும். மெக்கானிக்கல் கீபோர்டுக்கு இந்தச் சொல் இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஸ்பிரிங்கும் தண்டும் தொடுமுனையும் சேர்ந்த ஸ்விட்ச்சே விசை; அதன் தலையில் உட்கார்ந்திருப்பது மூடி.

ஏன் தொப்பி இல்லை? தொப்பி இந்துஸ்தானி வழி வந்த சொல், தலைக்கு உரியது. கீழக்கரைக் கடைத்தெருவில் நின்று ‘விசைத்தொப்பி’ கேட்டால் எந்தக் கடைக்கு வழிகாட்டுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘விசையுறை’ என்று சிலர் எழுதுகிறார்கள். கீபோர்டு முழுவதையும் போர்த்தும் சிலிகான் விரிப்புக்குத்தான் உறை என்ற பெயர் சரி; இதற்கும் அதையே வைத்தால் இரண்டும் குழம்பும். மூடிக்கு முன்மாதிரி ஏற்கெனவே உண்டு: பேனாவின் ‘கேப்’பை நாம் பேனா மூடி என்கிறோம், பேனாத் தொப்பி என்பதில்லை. வினைச்சொல்லும் இயல்பாக ஒட்டுகிறது. மூடியைக் கழற்று, மூடியை மாட்டு. (தேங்காய் மூடி வேறு சங்கதி. அதைக் குழப்பிக்கொள்பவர் இருக்க மாட்டார்.) எழுதும்போது ‘விசைமூடி’ என்று சேர்த்தே எழுத வேண்டும், நடுவில் ஒற்று மிகாது.

சொல்லைச் சரியாகப் பிடித்தால் வாங்குவதும் எளிது. மூடி விசையின் தண்டைப் பிடிக்க வேண்டும், ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தண்டு. பழைய மூடி ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். கூட்டல் குறி போலத் தண்டு நின்றால் அது எம்எக்ஸ் வகை, சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான செட் பொருந்தும். மடிக்கணினியின் தட்டை மூடி இதில் சேராது. உயரம் குறைந்த விசைகளில் சில வகைக்கு இரட்டைக் கால் மூடி வேண்டும், அதுவும் சேராது.

அடுத்தது நீளம். விசைக்கு விசை நடுவிலிருந்து நடுவுக்கு 19.05 மி.மீ., அதாவது முக்கால் அங்குலம். இதுவே ஓர் அலகு. எழுத்து மூடிகள் எல்லாம் ஓர் அலகு, அகலம் சுமார் 18 மி.மீ. ஏமாற்றுவது ஓரத்து மூடிகள்தான். முழு அளவுக் கீபோர்டில் இடது ஷிஃப்ட் 2.25, வலது ஷிஃப்ட் 2.75, பேக்ஸ்பேஸ் 2, ஸ்பேஸ் 6.25 அலகு. கட்டையான சிறு கீபோர்டுகளில் வலது ஷிஃப்ட் 1.75 ஆகச் சுருங்கியிருக்கும்; சிலவற்றில் ஸ்பேஸ் 7 அலகு. ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள்: ஸ்பேஸ் 118 மி.மீ. வந்தால் 6.25, 132 வந்தால் 7. வலது ஷிஃப்ட் 32 மி.மீ. என்றால் 1.75, 51 என்றால் 2.75. 104 மூடி கொண்ட செட்டில் 1.75 ஷிஃப்ட் பெரும்பாலும் இருக்காது; உபரி மூடிகள் சேர்ந்த 120, 130 செட்டில்தான் தேட வேண்டும். கூரியரில் வரவழைத்துவிட்டு, வலது ஷிஃப்ட் ஒன்றுக்காகத் திருப்பி அனுப்புகிற அலைச்சல் இந்த ஓர் அளவில் மிச்சமாகும்.

மூடி செய்யும் பிளாஸ்டிக் பெரும்பாலும் இரண்டு வகை: ஏபிஎஸ், பிபிடி. ஏபிஎஸ் வழவழப்பானது, விரல் எண்ணெய் பட்டுச் சில மாதங்களில் பளபளக்கும். பிபிடி சொரசொரப்பைக் கூடுதல் காலம் காக்கும். ஆனால் வார்ப்பில் அதிகம் சுருங்குவதால் நீள மூடிகள் வளையக்கூடும். வந்தவுடன் ஸ்பேஸை, திறந்த பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடி மேல் வையுங்கள். ஆடினால் வளைவு, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கழற்ற ஸ்குரூ டிரைவர் கூடாது. சட்டம் கீறும், தண்டு சாய்ந்து முறியும். கம்பியால் செய்த இழுகொக்கி வாங்கினால் போதும். இரண்டு கம்பியையும் மூடியின் எதிரெதிர் மூலைகளில் நுழைத்து, மூடியின் அடியில் மாட்டும்வரை திருப்பி, நேர் மேலே இழுக்க வேண்டும். பிளாஸ்டிக் வளையக் கொக்கி பக்கவாட்டைச் சுரண்டும். ஸ்பேஸ், ஷிஃப்ட், என்டர், பேக்ஸ்பேஸ் போன்ற நீள மூடிகளைக் கடைசியில் எடுங்கள். அவற்றின் அடியில் இரு பக்கமும் சமமாக இறங்க வைக்கும் கம்பி இருக்கிறது. ஒரு முனையை மட்டும் இழுத்தால் கம்பி பிடியிலிருந்து கழன்றுவிடும். பிறகு அழுத்திய ஸ்பேஸ் ஒரு பக்கம் அமுங்கியே கிடக்கும். ஆங்கிலத்தில் இந்தக் கம்பிக்கும் ‘ஸ்டெபிலைசர்’ என்றே பெயர். கடையில் அப்படிக் கேட்டால் ஃபிரிட்ஜுக்கு வைப்பதை எடுத்துக் காட்டுவார்கள். சமன்கம்பி என்பது மேல். கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் எந்த மூடி எங்கே என்று தேட வேண்டாம்.

கடலோரத்தில் இந்தச் சமன்கம்பிதான் முதலில் துருப்பிடிக்கும். மூடிக்கு உப்பால் தீங்கில்லை, பிளாஸ்டிக்தானே. ஆனால் கீபோர்டில் படியும் உப்புத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. எஃகு கம்பி பழுப்பேறி, ஸ்பேஸ் கரகரக்கத் தொடங்கும். மூடி மாற்றும் நாளிலேயே கம்பியைத் துணியால் துடைத்து, மின்காப்பு கிரீஸை மெல்லிய படலமாகத் தடவிவிடலாம். பழைய மூடிகளை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு அரைமணி ஊற வைத்துக் கழுவலாம், கொதிநீர் வேண்டாம். படகுக்குப் பெயிண்ட் அடிக்க வைத்திருக்கும் தின்னரும், நகப்பூச்சு நீக்கியும் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். கழுவியதைத் துளை கீழே பார்க்கத் துணியில் பரப்பி, மின்விசிறியில் ஒரு முழு நாள் விட வேண்டும். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் கூட்டல் குறித் துளைக்குள் நீர் நிற்கும்; அதோடு மாட்டினால் நீர் விசைக்குள் இறங்கிவிடும்.

மாட்டும்போது வரிசையைக் கவனிக்க வேண்டும். பல செட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் சாய்வு வேறு. தமிழ் எழுத்துப் பொறித்த மூடிகளை இடம் மாற்றி வைக்க நினைப்பவர், எல்லா வரிசையும் ஒரே உயரமாக இருக்கும் டிஎஸ்ஏ அல்லது எக்ஸ்டிஏ வடிவத்தை எடுக்க வேண்டும். ஒரு சங்கடம்: சுட்டுவிரல் தடவிப் பார்க்கும் மேடு எஃப், ஜே மூடிகளில் மட்டுமே இருக்கும். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் அந்த இடங்களில் வருவது ஃ, ப. தமிழ் மூடி செட் வாங்கும்போது இந்த இரண்டிலும் மேடு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் திரையைப் பார்த்தபடி தட்டச்சு செய்யும் கை வரிசை மாறிப்போகும்.