தாத்தா பிறந்தது அயர்லாந்திலா? குடியுரிமைப் பதிவும் அதற்கான ஆவணத் தேடலும்

தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால், உலகின் எந்த மூலையில் பிறந்த பேரனும் பேத்தியும் ஐரிஷ் குடிமகன் ஆகலாம். 1956ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தரும் உரிமை இது. இதற்கு அந்நாட்டு வெளியுறவுத் துறை நடத்தும் ‘வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில்’ பெயர் ஏற வேண்டும். தீவு என்றால் முழுத் தீவு. இன்று பிரிட்டன் ஆளும் பெல்ஃபாஸ்ட்டிலோ டெரியிலோ பிறந்த தாத்தாவும் கணக்கில் வருவார்.

விண்ணப்பத்துக்கு முன் நம் இடம் எது என்று பார்த்துக்கொள்வது நல்லது. அப்பாவோ அம்மாவோ அங்கே பிறந்து ஐரிஷ் குடிமக்களாக இருந்தால் நாமும் ஏற்கெனவே குடிமகன்தான். நேரே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம், பதிவுக் கட்டணம் வீண். தாத்தாவின் தலைமுறை என்றால் பதிவு கட்டாயம். கொள்ளுத்தாத்தா என்றால் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும்: நாம் பிறப்பதற்கு முன்பே நம் அப்பாவோ அம்மாவோ பதிவேட்டில் ஏறியிருந்தால்தான் வழி. குடியுரிமை பதிவான நாளிலிருந்துதான் தொடங்குகிறது, பின்னோக்கிப் போகாது. பதிவுக்கு முன் பிறந்த குழந்தைக்கு அது இறங்காது. குழந்தை எதிர்பார்க்கும் தம்பதியர் இந்த ஒரு விதிக்காகவே அவசரப்படுகிறார்கள், அது நியாயமான அவசரம்தான்.

மர்ஃபி, ஓ’பிரையன் என்ற குடும்பப் பெயரோ, வீட்டில் சொல்லிவந்த கதையோ, மரபணுப் பரிசோதனை முடிவோ இங்கே செல்லாது. மூன்று தலைமுறைச் சான்றிதழ்களைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும், அவ்வளவுதான். (ஐரிஷ் வம்சாவளியினருக்கு 2011 முதல் பாரம்பரியச் சான்றிதழ் ஒன்றை அரசு விற்றது. வாங்க ஆளில்லாமல் 2015இல் நிறுத்திவிட்டது. சுவரில் மாட்டுவதைத் தாண்டி அதற்கு மதிப்பில்லை.)

சங்கிலியின் கண்ணிகள் இவை. விண்ணப்பதாரரின் பிறப்புச் சான்றிதழ், மணமானவர் என்றால் திருமணச் சான்றிதழ், சாட்சி சான்றொப்பமிட்ட அடையாள ஆவண நகல், முகவரிச் சான்றுகள், புகைப்படங்கள். அப்பா அல்லது அம்மாவின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள். உயிரோடிருந்தால் சான்றொப்பமிட்ட அடையாள நகல், இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ். அயர்லாந்தில் பிறந்த தாத்தா அல்லது பாட்டிக்கும் அதே மூன்று. விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் போன்ற அனுமதிக்கப்பட்ட தொழிலில் உள்ள, உறவினர் அல்லாத ஒருவர் முன்னிலையில் கையெழுத்திட்டு, மூலச் சான்றிதழ்களோடு அஞ்சலில் அனுப்ப வேண்டும். கட்டணம் பெரியவருக்கு 278 யூரோ, 18 வயதுக்குட்பட்டவருக்கு 153 யூரோ. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். மூலச் சான்றிதழ்கள் பிறகு திரும்பி வரும்.

பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருந்தே ஆக வேண்டும். பிரிட்டன் போன்ற நாடுகள் தரும் சுருக்கச் சான்றிதழில் அது இருக்காது, சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் பதிவேட்டுப் படத்தை அச்செடுத்து அனுப்புவதும் வீண் வேலை. அது தேடலுக்குத்தான் உதவும். பதிவு அலுவலகம் வழங்கும் சான்றிதழே ஆவணம். ஐரிஷ் சான்றிதழ் ஒன்றுக்கு 20 யூரோவும் அஞ்சல் செலவும்.

எல்லாருக்கும் சிக்குவது தாத்தாவின் பிறப்புப் பதிவில்தான். அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பும் அரசுப் பதிவேட்டில் ஏறத் தொடங்கியது 1864 ஜனவரி 1 முதல். இன்று விண்ணப்பிக்கும் எவருடைய தாத்தாவும் அதற்குப் பிறகே பிறந்திருப்பார். ஆகவே பதிவு இருக்க வேண்டும். எங்கே, எந்தப் பெயரில் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை பெரும்பாலும் அயர்லாந்தில் கிடைக்காது, அவர் குடியேறிய நாட்டில்தான் கிடைக்கும். ஊர் பெயர் தெரியாமல் டப்ளின் பதிவேடுகளில் இறங்கினால் ஒரே பெயரில் நாற்பது ஜான் கெல்லிகள் வருவார்கள்.

அமெரிக்காவுக்குப் போனவர் என்றால் 1906 செப்டம்பருக்குப் பிந்தைய குடியுரிமை மனுவில் பிறந்த நாளும் ஊரும் இருக்கும். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்ற ஒற்றைச் சொல்தான். 1936 முதல் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் பெற்றோர் பெயர் உண்டு, தாயின் கன்னிப்பெயர் (திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்) உட்பட. தேவாலயத் திருமணப் பதிவு, கல்லறைக் கல், இறப்புச் செய்தி ஆகியவற்றில் ஊர்ப் பெயர் ஒளிந்திருப்பது சகஜம். கப்பல் பட்டியலில் ‘குயின்ஸ்டவுன்’ என்று கண்டால் சொந்த ஊர் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. அது கப்பல் ஏறிய துறைமுகம், இன்றைய கோவ். அதுபோலவே கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பெயர்களும் மாறியிருக்கின்றன: பழைய காகிதத்தில் ‘கிங்ஸ் கவுண்டி’ என்றிருந்தால் இன்றைய ஆஃபலி, ‘குயின்ஸ் கவுண்டி’ என்றால் இன்றைய லீஷ்.

ஊர் ஓரளவு தெரிந்ததும் ஐரிஷ் அரசின் ‘ஐரிஷ் ஜீனியாலஜி’ தளத்துக்குப் போகலாம். 100 ஆண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்பு ஆகியவற்றின் பதிவேட்டுப் படங்கள் அங்கே இலவசம். தாத்தா பிறந்து 100 ஆண்டு ஆகவில்லை என்றால் படம் கிடைக்காது. பெயர், தேதி, பெற்றோர் விவரம் கொடுத்து ரோஸ்காமனில் உள்ள பொதுப் பதிவு அலுவலகத்திடம் சான்றிதழ் கேட்க வேண்டும். வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கு பெல்ஃபாஸ்ட்டில் தனி அலுவலகம்.

அந்தத் தளத்தில் தேடும்போது ‘பதிவு மாவட்டம்’ என்பதைக் கவுண்டி என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய ஏழைகள் நிவாரணச் சட்டத்தின் எல்லைப்படி வகுத்தவை அவை. சந்தை நகரத்தைச் சுற்றி, கவுண்டி எல்லையைத் தாண்டியும் விரியும். பாலினஸ்லோ மாவட்டம் கால்வேயிலும் உண்டு, ரோஸ்காமனிலும் உண்டு.

பெயரும் தேதியும் சதி செய்யும். நோரா பதிவில் ஹொனோரா, டீலியா பதிவில் பிரிஜெட். குடும்பப் பெயரின் முன்னே வரும் ‘ஓ’வும் ‘மெக்’கும் ஒரு பதிவில் இருக்கும், அடுத்ததில் உதிரும். சில பதிவுகளில் குழந்தைக்குப் பெயரே இருக்காது, ‘பெண்’ என்று மட்டும் எழுதியிருக்கும். அப்போது குடும்பப் பெயரையும் தாயின் கன்னிப்பெயரையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பிறந்த நாளைப் பின்தள்ளிச் சொன்ன பெற்றோர் நிறைய. ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதிக்கு முன்னால் இருந்தால் பதறத் தேவையில்லை. வயதையும் நம்ப முடியாது. 70 வயதானவருக்கு ஓய்வூதியம் 1909இல் வந்தது. 1901 கணக்கெடுப்பில் 55 என்றிருந்தவர் 1911இல் 71 ஆனது இப்படித்தான். தேடும்போது முன்னும் பின்னும் ஐந்தாண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கெடுப்புகளில் முழுதாக மிஞ்சியவற்றில் பழையவை அந்த இரண்டுதான், 1901உம் 1911உம். அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில், ஆவணங்கள் இருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடம் எரிந்தபோது அழிந்தது. 1861, 1871ஐ அரசே அழித்தது. 1881, 1891 முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாகின.

அரசுப் பதிவு எங்கும் கிடைக்கவில்லை என்றால், ‘தேடினோம், இல்லை’ என்று பதிவு அலுவலகத்திடம் கடிதம் வாங்கி, அதோடு ஞானஸ்நானச் சான்றிதழை வைக்கலாம். கடிதமில்லாமல் ஞானஸ்நானச் சான்று மட்டும் போதாது. ஏறக்குறைய 1880 வரையிலான கத்தோலிக்கப் பங்குப் (தேவாலய வட்டாரம்) பதிவேடுகளை அயர்லாந்தின் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பல லத்தீனில் இருக்கும்: ஜேகபஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்மஸ் என்றால் வில்லியம். பிந்தையவற்றுக்கு அந்தந்தப் பங்குக்கே எழுதிக் கேட்க வேண்டும். 1847–1864 காலத்து கிரிஃபித் நில மதிப்பீடு குடும்ப வரலாற்றுக்கு அருமையான சுரங்கம்தான். இந்த விண்ணப்பத்துக்கு அது தேவைப்படாது.

சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஐரிஷ் சிப்பாய் முன்னோர் உண்டு. அவர்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் மெட்ராஸ் வரிசையாகவே இருக்கின்றன. வேர் தேட அவை பொன். குடியுரிமைக்குப் பெரும்பாலும் உதவாது, ஏனெனில் அயர்லாந்தில் பிறந்தவர் தாத்தாவுக்கும் மேலே மூன்று நான்கு தலைமுறை தள்ளி இருப்பார். பரங்கிமலையில் பிறந்த தாத்தா, அவருடைய அப்பா அயர்லாந்தின் கார்க்கில் பிறந்தவராகவே இருந்தாலும், இந்த விதியில் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர். தகுதி உள்ள ஒருசிலரும் ஒன்றை யோசித்தே கையெழுத்திட வேண்டும்: இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விரும்பிப் பதிவுசெய்து வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை அத்துடன் போய்விடும். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.