ஸ்க்ரீன் கருப்பானதும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றாதீர்கள்

புதுசா அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். பிரவுசர் நன்றாக ஓடுகிறது, படம் ஓடுகிறது, ஆபீஸ் வேலைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் கேம் திறந்து கொஞ்ச நேரத்தில், அல்லது பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் போட்டதும் ஸ்க்ரீன் கருப்பாகிறது, சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது, சில நொடியில் கேம் மூடி டெஸ்க்டாப் வந்து நிற்கிறது. பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம் அசெம்பிளிங்கும் சர்வீசும் பார்க்கிற என்னிடம் இந்தப் புகாரோடு வருகிறவர்கள் பலர் கார்டைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். "கார்டு போச்சுண்ணா, மாத்தித் தரச் சொல்லுங்க." கேபினெட் வீட்டிலேயே இருக்கும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், முழு மெஷினும் வந்தால்தான் கோளாறு எங்கே என்று பார்க்க முடியும்.

விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே டி.டி.ஆர். (TDR, Timeout Detection and Recovery) என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த வேலை 2 நொடிக்குள் நகரவில்லை என்றால், கார்டு தொங்கிவிட்டது என்று முடிவு கட்டி விண்டோஸ் அதை ரீசெட் செய்யும். மீண்டு வந்தால், நடந்ததையெல்லாம் விண்டோஸ் பதிவு செய்து காட்டும் ஈவென்ட் வியூவரில் 'டிஸ்ப்ளே 4101' என்று ஒரு வரி விழும். மீளவில்லை என்றால் ப்ளூ ஸ்க்ரீன். கார்டு பதில் தரவில்லை என்பது வரைக்கும்தான் இதில் பதிவாகும், ஏன் தரவில்லை என்பது பதிவாகாது. டிரைவர் ஓடுவது ரேமில், கார்டுக்குப் போகிற கட்டளைகளைத் தயார் செய்வது ப்ராசஸர், கரண்ட் வருவது எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து, இதில் எங்கே பிசகினாலும் கடைசியில் பழி கார்டு மேல்தான் விழுகிறது.

அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் ஈவென்ட் வியூவரைத் திறந்து, கிராஷ் ஆன நேரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 4101 இருந்தால் மேலே சொன்ன கதை. 'கெர்னல் பவர் 41' மட்டும் இருந்து மெஷின் பட்டென்று அணைந்து மறுபடி எழுந்திருந்தால், முதலில் கரண்ட் பக்கம் போங்கள், அதிலும் நடுவில் யூ.பி.எஸ். இருந்தால் அதன் திறனைப் பாருங்கள். 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும் சாதாரண யூ.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், பெரிய கார்டு போட்ட மெஷின் கேம் ஓடும்போது அதைத் தாண்டிவிடும். 'வீயா லாகர்' (WHEA-Logger, ஹார்டுவேர் பிழைகளைப் பதிவு செய்வது) என்ற பெயரில் எச்சரிக்கைகள் வந்திருந்தால் ப்ராசஸர், மதர்போர்டு, ரைசர் கேபிள் பக்கம் பார்க்க வேண்டும். கார்டை நிமிர்த்தி வைக்கப் போடுகிற பழைய ஜென் 3 (மூன்றாம் தலைமுறை PCIe) ரைசர் கேபிளில் ஜென் 4 கார்டு திணறுவது அடிக்கடி நடக்கிறது. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ்) அந்த ஸ்லாட்டை ஜென் 3-க்கு இறக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

புது மெஷினில் நான் முதலில் சந்தேகப்படுவது ரேமைத்தான். ராமமூர்த்தி நகரிலிருந்து அனிமேஷன் படிக்கிற ஒரு பையன் வந்தான், அப்பா கடன் வாங்கிக் கட்டிக்கொடுத்த மெஷின். ரெண்டர் பாதியில் நின்றுவிடும், கார்டு ஒருமுறை மாற்றியாகிவிட்டது, புதுக் கார்டிலும் அதே 4101. கேபினெட்டைத் திறந்தால் நாலு ஸ்லாட்டிலும் நாலு ரேம், எல்லாம் கலர் கலராக எரிகிறது. காலி ஸ்லாட் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று இரண்டு கிட் (ஜோடியாக விற்கும் ரேம் பாக்கெட்) வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் பயாஸில் எக்ஸ்போ 6000, அதாவது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங், ஆன் செய்திருக்கிறார்கள். அவன் வைத்திருந்தது ரைசன் 7000 வரிசை ப்ராசஸர். அதற்கு இரண்டு டி.டி.ஆர். 5 (DDR5 என்ற ரேம் வகை, மேலே சொன்ன TDR வேறு) ரேம் போட்டால் அதிகாரபூர்வமான வேகம் 5200, நாலு போட்டால் 3600. பாக்கெட்டில் 6000 என்று போட்டிருப்பது அந்த ஒரு கிட் மட்டும் இருக்கும்போது எட்டக்கூடிய ஓவர்க்ளாக், அதுவும் ப்ராசஸரும் போர்டும் ஒத்துழைத்தால். இரண்டு தனிக் கிட்டைச் சேர்த்துப் போட்டால் நாலுக்கும் அந்த வேகம் வரும் என்று அது உத்தரவாதம் ஆகாது. இரண்டைக் கழற்றி, மீதி இரண்டை ப்ராசஸரிலிருந்து எண்ணினால் வரும் 2, 4 ஸ்லாட்டில் போட்டு, எக்ஸ்போவையும் ஆஃப் செய்து ராத்திரி முழுக்க ரெண்டர் ஓட விட்டோம். நிற்கவில்லை. அப்புறம் எக்ஸ்போவை மறுபடி ஆன் செய்தும் ஓட்டிப் பார்த்தோம், இரண்டு ரேமோடு அதுவும் தாங்கியது. முதல் கார்டைக் குறை சொல்லி மாற்றியதில் போன நாட்களையும், அவன் காலேஜ் பிராஜெக்ட்டுக்குத் தாமதமானதையும் நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நீங்களும் இதையே செய்யலாம். எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ எது இருந்தாலும் முதலில் ஆஃப் செய்து ஓரிரு நாள் ஓட்டுங்கள். மெம்டெஸ்ட்86 இலவசமாகக் கிடைக்கிறது, பென் டிரைவில் போட்டு ராத்திரி ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த அமைப்பில் கோளாறு இருக்கிறது, 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. ஒரு விஷயம், டி.டி.ஆர். 5 மெஷினில் ரேமை மாற்றினால் முதல் தடவை ஆன் ஆக சில நிமிடம்கூட ஆகும், ஸ்க்ரீன் இருட்டாகவே இருக்கும். பயந்துபோய்ப் பவர் பட்டனை அமுக்காதீர்கள்.

அடுத்தது கேபிள். 8 பின் கனெக்டர் ஒன்றுக்கு 150 வாட், ஸ்லாட் வழியாக 75 வாட் என்பது கணக்கு. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் ஒரே கேபிளின் இரட்டைத் தலையை இரண்டிலும் செருகாமல் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனித்தனிக் கேபிள் இழுங்கள். புது 16 பின் கனெக்டர் (12VHPWR) என்றால் அடிவரை முழுசா அழுத்திச் செருகுங்கள், தலைக்குப் பக்கத்திலேயே மடக்காதீர்கள். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் கனெக்டர் உருகிய செய்திகள் வந்தபோது, சரியாகச் செருகாதது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பின்னால் அந்த வடிவத்தையே திருத்தினார்கள். இதையெல்லாம்விட ஆபத்தான ஒன்று, பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மாடுலர் (கழற்றி மாட்டக்கூடிய) கேபிளைப் புதியதில் மாட்டுவது. கார்டுப் பக்கம்தான் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அமைப்பு, எஸ்.எம்.பி.எஸ். பக்கம் அப்படிப் பொது விதியே கிடையாது. மாட்ட முடிகிறது என்பதற்காக ஆன் செய்தால் டிரைவ், போர்டு, கார்டு எதுவும் எரிந்துபோகலாம்.

ப்ராசஸராலும் இதே அறிகுறி வரும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் பலருக்குக் கேம் திறக்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று வந்து மூடியது, கார்டில் மெமரி தாராளமாக இருந்தும். ப்ராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதுதான் காரணம் என்று இன்டெல்லே 2024-ல் அறிவித்தது, அந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட்டோடு வரும் ப்ராசஸரின் உள் மென்பொருள்) திருத்தங்கள் வந்தன, வாரண்டியும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். பயாஸ் அப்டேட் செய்யாமல் இந்த வரிசையை ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றே செய்யுங்கள். ஏற்கெனவே தேய்ந்த ப்ராசஸரை அப்டேட் குணப்படுத்தாது, அதற்கு வாரண்டிதான் வழி.

டிரைவர் விஷயத்தை எல்லோரும் முதலில் செய்துவிடுகிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் டி.டி.யூ. (DDU என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள்) போட்டுப் பழையதைச் சுத்தமாகத் துடைத்து, கார்டு கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கியதைப் போடுங்கள். புதியதில் கிராஷ் என்றால் ஒரு பதிப்பு பின்னால் போய்ப் பாருங்கள். அந்த 2 நொடியை ரெஜிஸ்ட்ரியில் 10 ஆக்கச் சொல்லி யூடியூபில் சொல்வார்கள். கனமான ரெண்டர் வேலைக்கு அது நியாயமான மாற்றம்தான், கேமில் வரும் கிராஷுக்கு அதனால் கோளாறு மறைந்திருக்குமே தவிர போகாது.

கேபினெட்டில் கை வைப்பதற்கு முன் எர்த்திங். அல்சூரில் ஒரு பழைய வீட்டில், மேஜை துடைக்கும்போது கம்ப்யூட்டர் சுர்ரென்கிறது என்று அந்த வீட்டு அம்மா சொன்னார், பையன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டெஸ்டரை கேபினெட் ஸ்க்ரூவில் வைத்தேன், எரிந்தது. சுவர் பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக வரும் சின்னக் கசிவு எர்த்துக்குப் போக வழியில்லாமல் கேபினெட்டிலேயே நிற்கும், அதுதான் அந்தச் சுர். கிராஷுக்கு அதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே ஏதாவது பழுதாகி முழுக் கரண்டும் கேபினெட்டுக்கு வந்தால் தடுக்க ஒன்றும் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்த பிறகுதான் மற்ற வேலை.

இவ்வளவும் பார்த்தபின் கார்டுதான் பழுது என்றால், தெரிந்தவர் மெஷினில் அதே கார்டைப் போட்டு அங்கேயும் கிராஷ் ஆகிறதா என்று பாருங்கள். விண்டோஸே வராத பயாஸ் ஸ்க்ரீனில் கோடும் கட்டமும் தெரிந்தால் டிரைவர் காரணமாக இருக்க முடியாது. கேபிளும் மானிட்டரும் மாற்றிப் பார்த்தும் அது தெரிந்தால் கார்டுதான். ஒரு தடவைக்கு ஒன்று மட்டும் மாற்றி, தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாள், ஈவென்ட் வியூவர் போட்டோ, சீரியல் நம்பர் போட்ட ஜி.எஸ்.டி. பில், மூன்றையும் சர்வீஸ் சென்டர் மேஜையில் வைத்தால் "டிரைவரை மாத்திப் பாருங்க" என்று திருப்பி அனுப்ப அவர்களுக்குக் காரணம் இருக்காது.