வொக்கேஷன்: அழைத்தலா, தொழிலா?

மேல்நிலைப் பள்ளியில் 'வொக்கேஷனல் குரூப்' என்றால் தொழிற்கல்விப் பிரிவு. கத்தோலிக்கக் கோவிலில் அதே வொக்கேஷன் 'இறையழைத்தல்' ஆகிவிடும். குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ போகிறவர்களுக்கு மட்டும் உரியதாகவே அது பெரும்பாலும் கேட்கப்படுகிறது. தச்சருக்கும் செவிலியருக்கும் இறையழைத்தல் இல்லையா?

வொக்கேஷனின் வேர் லத்தீன் 'வொக்காரே', அதாவது அழைப்பது. புதிய ஏற்பாட்டில் இதற்கு நேரான கிரேக்கச் சொல் 'கிளேசிஸ்'. திருச்சபையைக் குறிக்கும் 'எக்லேசியா'வும் அதே வேரிலிருந்து வந்ததுதான். பவுல் இச்சொல்லைக் கிறிஸ்துவிடம் வந்த எல்லாருக்கும் பொதுவாகவே ஆள்கிறார். அவரே கூடாரம் செய்து பிழைத்தவர் (அப்போஸ்தலர் 18:3). துறவியருக்கும் குருக்களுக்கும் என்று அழைத்தல் சுருங்கியது இடைக்கால ஐரோப்பாவில்.

பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் அதை மறுபடி விரித்தார். விவிலியத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தபோது, கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக் நூல் 11:20-21இல் கிரேக்கம் 'வேலை', 'பாடு' என்று சொல்லும் இடத்தில், ஜெர்மன் மொழியில் 'அழை' என்ற வினையோடு உறவுள்ள 'பெரூஃப்' என்ற சொல்லை வைத்தார். திருமணத்தைப் பற்றி 1522இல் எழுதியபோது, குழந்தையின் அழுக்குத் துணியை அலசும் தகப்பனின் வேலையும் விசுவாசத்தோடு செய்தால் கடவுளுக்கு உகந்தது என்றார். இன்றைய ஜெர்மனில் பெரூஃப் என்றால் வெறும் உத்தியோகம். அழைத்த குரல் அதில் தேய்ந்துபோயிற்று.

நம் ஊரில் இச்சொல்லை மிகக் கவனமாகக் கையாள வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவனவன் அழைக்கப்பட்ட நிலைமையிலேயே இருக்கட்டும் என்ற 1 கொரிந்தியர் 7:20ஐத் தனியாகப் பிய்த்தெடுத்தால், அது குலத்தொழிலுக்கு வக்காலத்து வாங்குவதுபோல் தொனிக்கும். அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும்: விடுதலை கிடைக்குமானால் அடிமை அதைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்கிறது அது. அங்கே அழைத்தல் என்பது கிறிஸ்துவிடம் வந்ததைத்தான் குறிக்கிறது, பிறப்பால் தலையில் கட்டப்பட்ட வேலையை அல்ல. மலக்குழியில் ஒருவரை இறக்கிவிட்டு 'இதுதான் உன் அழைத்தல்' என்று சொல்ல எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை.

எல்லாப் பிழைப்பும் அழைத்தல் ஆகிவிடாது. எபேசியர் 4:28 'நலமான' வேலை என்கிறது. இல்லாதவருக்குக் கொடுக்கக் கையில் இருக்க வேண்டும் என்பதையே அதன் நோக்கமாகவும் வைக்கிறது. கலப்படமும் கந்துவட்டியும் இதில் அடங்கா. 2 தெசலோனிக்கேயர் 3:10ஐ 'உழைக்காதவன் உண்ணக்கூடாது' என்று சுருக்குவதும் பிழை. மூலத்தில் இருப்பது உழைக்க மனமில்லாதவன். நோயாளியும் வேலை கிடைக்காதவரும் அதில் வரமாட்டார்கள்.

தமிழில் எப்படி எழுதலாம்? 'அழைப்பு' என்றால் கல்யாணப் பத்திரிகையும் தொலைபேசியும் குறுக்கே வரும், 'அழைத்தல்' தெளிவானது. துறவறத்துக்குத் 'துறவற அழைத்தல்', அன்றாட உழைப்புக்குப் 'பணி அழைத்தல்' என்று அடைகொடுத்து எழுதுவது நல்லது. 'இறையழைத்தல்' இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும். கைத்திறனை மட்டும் சொல்லும் இடத்தில் 'தொழில்' போதும்.