அமர்த்தி, உறக்கமூட்டி: சொல் விளக்கம்

மருத்துவ நூல்கள் ‘செடேட்டிவ்’ என்றும் ‘ஹிப்னாட்டிக்’ என்றும் பிரித்துச் சொல்லும் மருந்துகள் இரண்டையும் நாம் ‘தூக்க மாத்திரை’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பேச்சில் அதுவே ‘ஒறக்கக் குளிகை’. சிலர் ‘மயக்க மருந்து’ என்றும் எழுதுகிறார்கள். அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியின் உணர்வை அகற்றத் தரப்படும் மருந்துக்கே அப்பெயர் உரியது என்பதால் அதை இங்கே கொண்டுவருவது பிழை.

செடேட்டிவ் என்பது இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அம்மொழியில் உட்காருதலைக் குறிக்கும் வினையோடு உறவுடைய இன்னொரு வினை, கொந்தளிப்பைத் தணித்து அடங்கச் செய்வதைக் குறிக்கும். தமிழிலும் ‘அமர்’ என்றால் உட்கார்தலும் அடங்குதலும் ஆகும். ‘அமர்த்து’ என்றால் அடங்கச் செய்தல். ஆகவே ‘அமர்த்தி’ என்பதே வேரும் பொருளும் ஒத்துவரும் சொல் என்பது என் துணிபு. ஹிப்னாட்டிக் என்பதன் வேர் கிரேக்க ‘ஹிப்னோஸ்’, அதாவது உறக்கம். அதற்கு ‘உறக்கமூட்டி’ போதும். ‘உறக்கம்’ குமரிப் பேச்சில் இன்றும் உயிரோடிருக்கும் சொல்லும்கூட.

பெயர் இரண்டானாலும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான். குறைந்த அளவில் பதற்றத்தை அமர்த்துவது, அளவு கூடினால் உறக்கமூட்டும். அதற்கும் மேலே போனால் உணர்விழப்பு. 1903இல் அறிமுகமான பார்பிட்டால் முதலிய பார்பிட்டுரேட் மருந்துகள் மிகுந்த அளவில் மூச்சையே நிறுத்தின. 1960இல் குளோர்டயசெப்பாக்சைடும் 1963இல் டயசெபாமும் வந்தபோது மருத்துவ உலகம் நிம்மதியடைந்ததற்குக் காரணம் உண்டு: மூளையைத் தணிக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் செயலை இவை கூட்டுகின்றனவே தவிர, பார்பிட்டுரேட்டுகளைப் போல அதன் வேலையைத் தாமே ஏற்றுக்கொள்வதில்லை; அதனால் இவை மட்டும் மிகுந்த அளவில் போனாலும் மூச்சு எளிதில் நிற்பதில்லை. ஆனால் மதுவோ, மார்ஃபின் வகை வலிநீக்கியோ கூடச் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

நிற்காத வலிப்பை அடக்கவும், குடியை விடும்போது வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கவும், உள்நோக்கிப் பரிசோதனைக்கு (எண்டோஸ்கோப்பி) முன் நோயாளியை அமர்த்தவும் இம்மருந்துகள் இன்றியமையாதவை. தூக்கமின்மைக்கு மட்டும் குறுகிய காலமே பொருந்தும்.

ஆனால் மருந்துக்கடையில் கேட்கும் பேச்சு வேறு. “மக்ளே, ராத்திரி ஒறக்கம் வரல்ல, அந்தச் சின்னக் குளிகை ரெண்டு தா” என்று கசங்கிய பழைய அட்டையை நீட்டுகிறார் மூதாட்டி ஒருவர். “சீட்டு இல்லாம தரப்பிடாது பாட்டி” என்று மறுக்கும் கடைக்காரர் செய்வதுதான் சரி. அல்ப்ரசோலம், டயசெபாம், சோல்பிடெம் ஆகியவை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளுக்கென இந்தியாவில் 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் எச்1 அட்டவணையில் உள்ளவை. விற்பனை விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்.

முதியவர்கள் இரவில் எழுந்து நடக்கையில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது இம்மருந்துகளால் கூடும் பெரிய ஆபத்து. மறுநாள் காலைவரை நீளும் கிறக்கம், விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கும் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவருக்கும் உயிர்ப்பிரச்சினை. சோல்பிடெம் உண்ட சிலர் உறக்கத்திலேயே நடந்தும் வண்டி ஓட்டியும் இருக்கிறார்கள். இதற்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன்மீது இட்டது.

பல வாரம் தொடர்ந்து உண்டால் உடல் பழகிவிடும்; பழைய அளவு போதாது. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவது அதைவிடக் கேடு: போன தூக்கமின்மை முன்னிலும் கடுமையாகத் திரும்பும், கைகால் நடுங்கும், வலிப்பும் வரலாம். நெடுங்காலம் உண்டவருக்கு மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாக, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ குறைத்துத்தான் நிறுத்துவார்.