கேஸ் பிளாக்கை எவ்வளவு மூடலாம்?

செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்கு அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக் (துப்பாக்கியை இயக்கும் கேஸின் அளவைக் கூட்டிக் குறைக்க உதவும் பாகம்) மாட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, உதைப்பு குறையுமா என்றுதான். குறையும். ஆனால் அதை மட்டுமே மனதில் வைத்துத் திருகித் திருகி மூடிவிட்டு, துப்பாக்கி அடிக்கடி சிக்குகிறது என்று பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். பிரித்துப் பார்த்தால் பழுது எதுவும் இருக்காது. போல்ட்டை (தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நின்று, சுட்டதும் பின்னால் ஓடும் பாகம்) தள்ளும் அளவுக்குக் கேஸ் போகவில்லை, அவ்வளவுதான்.

குண்டு பேரலுக்குள் ஓடும்போது, பின்னால் துரத்தும் கேஸில் கொஞ்சம் பேரலில் உள்ள சிறு துளை வழியாக ஏறும். அந்தத் துளையை மூடி உட்கார்ந்திருப்பதுதான் கேஸ் பிளாக். ஏஆர்-15 வகையில் அங்கிருந்து மெல்லிய குழாய் வழியே பின்னால் போய் போல்ட்டைச் சுமக்கும் போல்ட் கேரியரைத் தள்ளும்.

கேஸ் அதிகமா என்பதைச் சுட்டபின் விழும் காலித் தோட்டாக் கூடே சொல்லும். கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் கவ்விய விளிம்பு வளைந்தோ பிய்ந்தோ இருக்கும். கூடு முன்பக்கமாகப் பறக்கும். சத்தம் குறைக்கும் சப்ரசர் மாட்டினால் பின்னழுத்தம் கூடி, புகை முகத்திலேயே அடிக்கும். கூடு பறக்கும் திசையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஸ்பிரிங், போல்ட் கேரியரின் பின்னால் நின்று அதன் வேகத்தைத் தாங்கும் பஃபரின் எடை இரண்டும் அதை மாற்றும்.

வாங்குமுன் கேஸ் பிளாக் உட்காரும் இடத்தில் பேரலின் விட்டத்தை வெர்னியரால் அளந்துவிடுங்கள். 0.750 அங்குலம் பரவலானது, 0.625, 0.936 அளவுகளும் உண்டு. கேஸ் போகும் துளையைக் குறுக்கும் ரக பிளாக்கில் கரி படிந்து, கேஸைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ இறுகிவிடும் என்பதால், துடைக்கும்போதெல்லாம் அதை ஒருமுறை அசைத்துவிட வேண்டும். உபரி கேஸை வெளியே விடும் ரகத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் சூடான கேஸ் எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று பார்த்து வாங்குங்கள். எந்த ரகமானாலும், ஸ்க்ரூ கிளிக் கிளிக்கென்று நின்று திரும்புவதே நல்லது. வெறும் ஸ்க்ரூ அதிர்வில் நகர்ந்துவிடும்.

மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகே வேலை. முக்கியமானது, பேரல் துளையும் பிளாக் துளையும் நேராகச் சேர்வது. கொஞ்சம் விலகினாலும் எவ்வளவு திறந்தாலும் கேஸ் போதாது. பழைய பிளாக்கைக் கழற்றும்போது துளையைச் சுற்றிய கரித்தடத்தைப் பாருங்கள்; ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தால் முன்பே விலகித்தான் உட்கார்ந்திருக்கிறது. பிளாக்கை இறுக்கிப் பிடிக்கும் செட் ஸ்க்ரூவுக்குப் பேரலில் சிறு குழி போடுவது நல்லது. ஸ்க்ரூ கழலாமல் இருக்கப் பூசும் சாதாரண திரெட் லாக்கர் அந்தச் சூட்டில் பிடிப்பை இழக்கும். அதிக வெப்பம் தாங்குவதை வாங்குங்கள்.

சரி, செட்டிங். முழுக்க மூடி, மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் போய் நிற்கும்வரை ஒவ்வொரு கிளிக்காகத் திறங்கள். திரும்பத் திரும்ப நின்றால், இன்னும் ஓரிரு கிளிக் கூடுதலாகத் திறந்து விடுங்கள். குளிருக்கும் அழுக்குக்கும் பலம் குறைந்த தோட்டாவுக்கும் அந்த இடைவெளி வேண்டும். நீங்கள் பயன்படுத்துவதிலேயே பலம் குறைந்த தோட்டாவில் சோதியுங்கள். சப்ரசரோடு ஒரு செட்டிங், இல்லாமல் ஒரு செட்டிங். இரண்டையும் குறித்து வையுங்கள்.

இந்தச் சோதனையில் போல்ட் நகராமல் போவது சகஜம். அதனாலேயே ஆபத்தும் உண்டு. சத்தம் வழக்கத்தைவிடக் குறைந்து, உதைப்பும் மெலிந்திருந்தால் கேஸ் போதவில்லை என்று நினைத்துக் கையால் இழுத்து அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு பேரலிலேயே நின்றிருக்கலாம். அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் பேரல் வெடிக்கக்கூடும். துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்துச் சற்றுப் பொறுத்து, தோட்டாவை எடுத்துவிட்டு, கிளீனிங் ராடு விட்டு வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கப்புறம்தான் அடுத்த கிளிக்.