லீவ் முடிந்து வந்ததும் பழைய எடையைத் தொடாதீர்கள்

செமஸ்டர் லீவ் முடிந்து கல்லூரி திறந்தால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இது வந்துவிடுகிறது. தொடை வீங்கி விறைத்த ஒரு பையன். படி இறங்க முடியவில்லை, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. கையில் இருக்கும் லேப் ரிப்போர்ட்டில் கல்லீரல் டெஸ்டில் பார்க்கும் என்சைம்களான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் ஏகத்துக்கு ஏறியிருக்கும். வீட்டில் மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டி இரண்டு நாளாகக் கீழாநெல்லி கொடுத்திருப்பார்கள். கல்லீரலில் ஒரு குறையும் இருக்காது. அந்த இரண்டு என்சைம்களும் தசையிலும் உண்டு. தசை சிதைந்தால் அவையும் ரத்தத்தில் ஏறும். இதற்குப் பெயர் ராப்டோமயோலிசிஸ். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பொட்டாசியம் இதயத் துடிப்பைக் கெடுக்கும். வீட்டு வைத்தியத்துக்குக் கொடுத்த அந்த இரண்டு நாள்தான் சிறுநீரகத்துக்கு மிக ஆபத்தான நாட்கள்.

இப்படி வருபவர் புதிதாக ஜிம்முக்குப் போனவர் என்று நினைத்துவிடாதீர்கள். புதியவர்களுக்கும் வரும். ஆனால் கல்லூரி வகுப்பில் நாம் கவனிக்கத் தவறுவது ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காகச் செய்து இடைநிலைக்கு வந்தவரைத்தான். பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 100 கிலோ எடுப்பார், ஃபார்மும் சுத்தமாக இருக்கும், அதனால் மாஸ்டர் அவர் பக்கம் திரும்புவதே இல்லை. நான்கு வார லீவில் பலம் பெரிதாகக் குறைவதில்லை. பார் தோளில் ஏறியதும் 'பழையபடிதான் இருக்கிறேன்' என்று தோன்றும். கரைந்திருப்பது வேறொன்று. ஒவ்வொரு பயிற்சியும் அடுத்த பயிற்சியின் சேதத்திலிருந்து தசையைக் காக்கும் ஒரு தாங்குதிறனை விட்டுச் செல்கிறது. செய்யாத நாட்களில் அது மெல்ல இறங்குகிறது, மூச்சுத் திறனும் கூடவே இறங்குகிறது. தன்னைச் சிதைத்துக்கொள்ளும் அளவு பலம் கையில் இருக்கிறது, அதைத் தாங்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் குளிர்கால விடுமுறை முடிந்து திரும்பிய அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களுக்கு, அவரவர் ஒன் ரெப் மேக்ஸில் (ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடை) பாதியை வைத்து 100 ஸ்குவாட் கொடுத்தார்கள், அதுவும் நேரம் குறித்து. 13 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் நல்ல பயிற்சியில் இருந்த விளையாட்டு வீரர்கள். பாதி எடைதானே என்று யாருக்கும் தோன்றும். எடையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

கணக்கை இப்படிப் போடுங்கள். செட் (ஓய்வுக்கு முன் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) எண்ணிக்கையை ரெப்பால் (ஒரு செட்டில் எத்தனை முறை) பெருக்கி, அதை மேக்ஸில் எத்தனை பங்கு தூக்குகிறீர்களோ அதால் பெருக்குங்கள். அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர் அமைப்புகளான சி.எஸ்.சி.சி.ஏ.வும் என்.எஸ்.சி.ஏ.வும் 2019-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இரண்டு வாரமோ அதற்கு மேலோ விட்டுத் திரும்புபவருக்கு முதல் இரண்டு வாரம் இந்த எண் 11-க்கும் 30-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அயோவாவில் கொடுத்தது 100-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 50. நம் பையன்கள் திரும்பி வந்த முதல் லெக் டேயில் 6 செட், 12 ரெப், 60 சதவீத எடை என்று போடுகிறார்கள். அது 43.2. அதற்கு மேல் லெக் பிரஸ், லன்ஜ், கடைசியில் எடையைக் குறைத்துக் குறைத்து ஓய்வில்லாமல் தொடரும் ஒரு டிராப் செட்.

இதற்கெல்லாம் வேர் ஒரே நம்பிக்கை: வலித்தால்தான் வளரும். தயவுசெய்து இதை விடுங்கள். மறுநாள் வரும் வலி வளர்ச்சியின் அளவுகோல் அல்ல. பழக்கமில்லாத வேலையைத் தசை செய்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. எடையைத் தூக்கும்போதை விட இறக்கும்போதுதான் இந்தச் சேதம் அதிகம். மலை இறங்கியவருக்கு மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும், அதனால் அவர் தொடை வளர்ந்துவிடாது. இரண்டு வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்தவருக்குப் பெரும்பாலான நாட்களில் வலியே இருக்காது, ஆனால் அவர் பலம் கூடிக்கொண்டேதான் இருக்கும். லாக்டிக் ஆசிட் தேங்கியதால் வலிக்கிறது என்று இன்னும் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். மறுநாள் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'நேற்று வலிக்கவே இல்லை, இன்று இன்னும் இரண்டு செட் போடுவோம்' என்பவர்தான் நான்காம் நாள் எங்களிடம் வருகிறார். வளர்ந்தீர்களா என்று தெரிய வேண்டுமானால் நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, எடை, ரெப், இன்னும் எத்தனை ரெப் மிச்சம் இருந்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் 2.5 கிலோ ஏற்ற முடிந்திருக்கும். இடைநிலையில் அது வாரத்துக்கு ஒரு முறையாகும், சில மாதங்களில் அதுவும் இருக்காது. அது இயல்பு. அந்த மந்தத்தை உடைக்கத்தான் பலரும் வலியைத் தேடிப் போகிறார்கள்.

பி.டி. சார்களிடமும் மேடம்களிடமும் ஒரு வேண்டுகோள். தாமதமாக வந்ததற்கு 200 பஸ்கி, தோப்புக்கரணம், தண்டால் என்று தண்டனை கொடுப்பதை நிறுத்துங்கள். எடையே இல்லையே என்று எண்ண வேண்டாம். ஓய்வில்லாமல் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யும் பஸ்கி ராப்டோவுக்கு நன்கு அறியப்பட்ட காரணம். தண்டனை என்பதால் பையன் நடுவில் நிறுத்தவும் மாட்டான்.

திரும்பி வந்த முதல் வாரம் மூன்று நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று இடைவெளி விடுங்கள். ஸ்குவாட் மேக்ஸ் 100 கிலோ என்றால் 55 கிலோவில் 3 செட், 8 ரெப். கணக்கு 13.2 வரும். ஒரு செட்டுக்கு 40 விநாடி ஆனால் ஓய்வு 2 நிமிடம் 40 விநாடி, அதாவது நான்கு மடங்கு. இரண்டாம் வாரம் நான்கு நாள் வரை போகலாம். 65 கிலோவில் 4 செட், 8 ரெப், ஓய்வு மூன்று மடங்கு. ஓட்டத்தையும் மறக்காதீர்கள்: லீவுக்கு முன் 100 மீட்டர் ஸ்பிரின்ட் பத்து ஓடினீர்கள் என்றால் முதல் வாரம் ஐந்து, அடுத்த வாரம் ஏழு. இந்த இரண்டு வாரத்தில் மேக்ஸ் டெஸ்ட், டிராப் செட், போட்டி போட்டு ரெப் எண்ணுவது எதுவும் கிடையாது. செமஸ்டரின் முதல் வகுப்பிலேயே ஃபிட்னஸ் டெஸ்ட் வைத்து மார்க் போடும் கல்லூரிகள் அதை நான்காம் வாரத்துக்குத் தள்ளட்டும்.

காய்ச்சல் வந்து போனவர், அது டெங்குவோ சாதாரண வைரல் காய்ச்சலோ, முழுக்கத் தேறும் வரை பாரைத் தொட வேண்டாம். வலி தாங்கவில்லை என்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாதீர்கள். உடலில் நீர் வற்றி, தசையும் சிதைந்திருக்கும் நேரத்தில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. வீங்கிய தொடையில் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்து விடவும் கூடாது. தண்ணீர் நிறையக் குடித்தால் எதுவும் வராது என்ற தைரியமும் வேண்டாம். குடியுங்கள், ஆனால் மிதமிஞ்சிய பயிற்சிக்கு அது காப்பு ஆகாது.

நம் ஊரில் அதிகம் பேசப்படாத ஒன்று, சிக்கிள் செல் ட்ரெய்ட். சிவப்பணுக்கள் அரிவாள் வடிவத்துக்கு மாறும் சிக்கிள் செல் நோயின் மரபணு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருக்கும் நிலை இது. மிதமிஞ்சிய பயிற்சியில் இவர்களுக்கும் தசை சிதையலாம். இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். ட்ரெய்ட் மட்டும் உள்ளவர் எல்லோரையும் போலப் பயிற்சி செய்யலாம், தன் வேகத்தில், போதிய ஓய்வோடு. ஆனால் ஸ்பிரின்ட் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, வலியை விடக் கால் தளர்ச்சி அதிகமாகி ஒருவர் உட்கார்ந்துவிட்டால் 'எழுந்து ஓடு' என்று கத்தாதீர்கள். உடனே நிறுத்தி, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

சாதாரண வலி மூன்றாம் நாளுக்குப் பிறகு இறங்க வேண்டும். இறங்காமல் ஏறினால், செய்த வேலைக்கு மீறி வலித்தால், வீங்கினால், முழங்கையை நீட்டவோ உட்கார்ந்து எழவோ முடியாவிட்டால் அன்றே மருத்துவமனை. சிறுநீர் நிறம் எல்லோருக்கும் மாறுவதில்லை, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கால் கல்லாக இறுகி மரத்துப்போனால் நாள் கணக்கு அல்ல, மணிக் கணக்கு. உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது 'ஜிம்மில் இதைச் செய்தேன், இத்தனை நாள் இடைவெளிக்குப் பிறகு' என்பதை. சி.கே. (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் ஸ்டிரிப்பில் ரத்தம் என்று காட்டி, மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணுக்கள் இல்லை என்றால் அது மயோகுளோபினாக இருக்கலாம். யூரினரி இன்ஃபெக்ஷன் என்று ஆன்டிபயாடிக் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடாதீர்கள்.

ஒரு முறை வந்தவருக்கு, சி.கே. இறங்கி சிறுநீர் தெளிந்து, டாக்டர் சொன்ன பிறகே பயிற்சி. முதலில் நடை, பிறகு வெறும் பார், அதன் பிறகுதான் பிளேட். வலியோ தளர்ச்சியோ திரும்பினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுபடி டாக்டரைப் பாருங்கள்.