ஒரு மோட்டார், இரண்டு வேலை: பழைய சலவை இயந்திரங்களை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

அறுபது, எழுபது ஆண்டு வயதான ஒரு சலவை இயந்திரத்தில் பெயர்ப்பட்டை உதிர்ந்துபோயிருக்கலாம். மூடி வேறொரு இயந்திரத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். மேற்பூச்சையே யாராவது மாற்றியிருக்கலாம். அமெரிக்காவில் இந்த இயந்திரங்களைத் தேடிப்பிடித்துச் சேகரிப்பவர்கள் அதற்காகக் கவலைப்படுவதில்லை. தண்ணீர் நிரப்பி ஓடவிட்டால் எந்தத் தொழிற்சாலைப் பிள்ளை என்பதை அதன் அசைவே சொல்லிவிடும்.

மேல்புறம் திறக்கும் தானியங்கி இயந்திரம் இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். துவைக்கும்போது தொட்டி அசையாமல் நிற்க, நடுவிலுள்ள அலசுத்தண்டு மட்டும் மெதுவாக முன்னும் பின்னும் திரும்ப வேண்டும். பிழியும்போது தொட்டி முழுவதும் ஒரே திசையில் வேகமாகச் சுழல வேண்டும். இருப்பதோ ஒரே மோட்டார். இன்று மின்னணுச் சுற்று நொடியில் பார்த்துக்கொள்ளும் இந்தச் சிக்கலை, 1940களின் பொறியாளர்கள் இரும்பையும் ரப்பரையும் கொண்டே தீர்த்தார்கள். ஒருவர் காப்புரிமை பெற்ற வழியை மற்றவர் தொட முடியாது. அதனால்தான் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வழி கண்டது.

வேர்ல்பூல் நிறுவனம் செய்த பெல்ட் இயந்திரங்களில் மோட்டார் எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றும். பற்சக்கரப் பெட்டியின் மேல் ஒரு கை இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும். அதன்மீது இரண்டு மின்காந்தச் சுருள்கள். ஒன்றுக்கு மின்சாரம் வந்தால், ஆடும் கை ஓர் இரும்புப் பட்டையை இழுத்து அலசுத்தண்டை இணைக்கும்; மற்றதற்கு வந்தால் சுழற்சியை இணைக்கும். கீழே குனிந்து பார்த்து, வாலாட்டுவதுபோல் ஆடும் இந்தக் கையைக் கண்டுவிட்டால் வேறு சான்றே வேண்டாம். ஓயாமல் வளைந்து நிமிர்வதால் அந்தச் சுருள்களுக்குப் போகும் கம்பிகள் அடிக்கடி அறுந்துபோகும். பழுது பார்ப்பவர்கள் முதலில் தேடும் இடமும் அதுதான்.

அயோவா மாநிலத்து நியூட்டன் நகரில் தயாரான மேடேக் வேறு வழியில் போனது. அங்கே மோட்டாரே திசை மாறும். ஒரு திசையில் சுற்றினால் துவைக்கும். எதிர்த்திசையில் சுற்றினால், கப்பி திருகுபோன்ற தண்டின்மேல் ஏறிப் பிரேக்கை விடுவிக்கும்; தொட்டி சுழலத் தொடங்கும். மின்சாரம் நின்றதும் கப்பி இறங்கி, பிரேக் மீண்டும் பிடித்துக்கொள்ளும். இதில் சுருளும் இல்லை, அறுந்துபோகும் கம்பியும் இல்லை. இவ்வளவு குறைவான உறுப்புகளைக் கொண்டு இவ்வளவு வேலை வாங்கிய வடிவமைப்பை வீட்டுச் சாதனங்களில் காண்பது அரிது என்றே நான் கருதுகிறேன்.

இந்த இரண்டையும் வெளியிலிருந்தே பிரித்தறியலாம். தண்ணீர் வெளியேறும் நேரத்தில் கவனியுங்கள். பழைய வேர்ல்பூலில் தொட்டி அசையாமல் நிற்கும். தண்ணீர் வடிந்த பிறகே சுழலும். மேடேக்கில் வடிவதும் சுழல்வதும் ஒன்றாகவே நடக்கும், ஏனெனில் மோட்டாரின் அந்தத் திசைக்கு இரண்டு வேலையும் சேர்த்தே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

சேகரிப்பவர்களின் கண்மணி ஃபிரிஜிடேர். 1979 வரை ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்த இந்த நிறுவனத்தின் இயந்திரங்களில் அலசுத்தண்டு திரும்புவதே இல்லை. மேலும் கீழும் குதிக்கும். 1947இல் வந்த முதல் வகையில் மோட்டார் தொட்டிக்கு நேர்கீழே, அதே அச்சில் பொருந்தியிருந்தது. இடையில் பெல்ட் இல்லாததால் மோட்டாரின் வேகமே தொட்டியின் வேகம்: நிமிடத்துக்கு 1140 சுற்று. அக்காலத்தின் பல இயந்திரங்கள் அதில் பாதியளவே சுற்றின. துணியிலிருந்து நீரைப் பிரிக்கும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 25 செ.மீ. ஆரமுள்ள தொட்டி 600 சுற்றில் புவியீர்ப்பைப்போல ஏறத்தாழ 100 மடங்கு விசை தரும். 1140 சுற்றில் அது சுமார் 360 மடங்கு. தொட்டியில் துளையும் கிடையாது. அழுக்கு நீர் சுவரேறி விளிம்பைத் தாண்டி வெளியே பாயும்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி, 1937இல் வெளிவந்த பெண்டிக்ஸ். முன்புறக் கண்ணாடிக் கதவு கொண்ட அந்த இயந்திரத்தில் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு இல்லை. எனவே அதைத் தரையோடு போல்ட் அடித்து இறுக்க வேண்டியிருந்தது. கால்களில் போல்ட் துளைகளைக் கண்டால் கண்கள் விரியத்தான் வேண்டும்.

உலர்த்திகளில் இந்தச் சுவை குறைவு. 1938இல் ஹாமில்டன் நிறுவனம் விற்கத் தொடங்கிய காலம் முதலே வெப்பம், காற்று, சுழலும் உருளை என்ற மூன்றும்தான்.

பெயர்ப்பட்டை தப்பியிருந்தாலும் அதிலுள்ள பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. கென்மோர் என்பது சியர்ஸ் கடைகளின் வணிகப் பெயர். சியர்ஸ் அவற்றைப் பிறரிடம் செய்து வாங்கியது. மாதிரி எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் செய்தவரைக் காட்டும். 110 என்றிருந்தால் அது வேர்ல்பூல்.

இத்தகைய இயந்திரத்தை நம் ஊர் மின்சாரத்தில் ஓட்டிப் பார்ப்பவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் ஊரின் 50 ஹெர்ட்ஸில் மோட்டாரின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் கூடும். மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் கொண்டே நேரம் கணிக்கும் டைமரும் பின்தங்கிவிடும். பத்து நிமிடத் துவைப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் எடுக்கும். வேகத்தை அளந்து வகையைத் தீர்மானிக்க முயன்றால், 1140 சுற்று இயந்திரம் இங்கே 950 அளவில்தான் சுற்றும்.